குசனாகி சுயோஷி: இரண்டு முறை காணாமல் போனவர்

குடித்துவிட்டு நிர்வாணமாகப் பூங்காவில் கைதானபோது ஒரே மாதத்தில் டிவிக்குத் திரும்பிவிட்டார். எந்தத் தப்பும் செய்யாமல் கம்பெனியை விட்டு விலகியபோது, பழைய இடத்துக்குத் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது! ஜப்பானிய நடிகர் குசனாகி சுயோஷியின் கதை இது.

1988ல் ஜானிஸ் என்ற நிறுவனம் ஆறு பையன்களைச் சேர்த்து ஸ்மாப் குழுவை உருவாக்கியது. 1991ல் முதல் பாட்டு. 1996ல் ஒருவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போய்விட (நிஜமாகத்தான்!), மிச்சம் ஐந்து பேர். அதே வருடம் தொடங்கிய இவர்களது வாராந்திர டிவி நிகழ்ச்சி 20 வருடம் ஓடியது. பாட்டு, காமெடி, சமையல் எல்லாம் அதில் உண்டு. கதாநாயகக் களை கிமுரா டகுயாவுக்கு. குசனாகி பக்கத்து வீட்டுப் பையன் ரகம். நடிப்பில் அதுதான் கைகொடுத்தது. 2003ல் ஒரு தொடரில், இன்னும் ஒரு வருடமே ஆயுள் என்று தெரிந்துகொள்ளும் பள்ளி ஆசிரியராக வந்தார். கொரிய மொழி கற்று, 2004ல் ஹோட்டல் வீனஸ் படத்தில் கொரிய மொழியிலேயே பேசி நடித்தார்.

2009 ஏப்ரல் 23 அதிகாலை, டோக்கியோ அகசாகா பூங்காவில் கைது. வீட்டில் சோதனை வேறு. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. டிஜிட்டல் டிவி பிரசாரத்தின் முகமாக அரசு இவரைத்தான் வைத்திருந்தது. கோபத்தில் துறை அமைச்சர் ஹதோயமா குனியோ கேவலமான மனிதர் என்று திட்டிவிட்டு, பிறகு வாபஸ் வாங்கினார். வழக்கு தொடரப்படவில்லை. மே கடைசியில் குசனாகி வேலைக்கு வந்துவிட்டார்.

அப்போது கம்பெனி பக்கத்தில் இருந்தது. அடுத்த முறை இல்லை.

2016 டிசம்பரில் ஸ்மாப் கலைந்தது. 2017 செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் இனகாகி கோரோ, கட்டோரி ஷிங்கோ இருவருடன் குசனாகியும் வெளியேறினார். சட்டப்படி இதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. ஆனால் சேனல்களுக்கு ஜானிஸின் மற்ற நட்சத்திரங்கள் வேண்டுமே! மூவரின் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நின்றன. குசனாகி 1998 முதல் நடத்திவந்த நிகழ்ச்சியும் 2018 மார்ச்சில் முடிந்தது. சேனல்களை ஜானிஸ் மிரட்டியதா? 2019 ஜூலையில் நியாய வர்த்தக ஆணையம், அப்படி நெருக்கடி கொடுத்தால் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியதாகலாம் என்று எச்சரித்தது. நெருக்கடி கொடுக்கவில்லை என்றது நிறுவனம். மீறல் நிரூபணமாகவில்லை, உண்மைதான். ஆனால் சந்தையைக் கையில் வைத்திருப்பவர் வாய் திறந்து மிரட்ட வேண்டும் என்று கட்டாயமா என்ன?

சின்னத்திரை கதவைச் சாத்தியபோது சினிமா திறந்தது. 2020ல் வந்த மிட்நைட் ஸ்வான் படத்தில், கைவிடப்பட்ட உறவுக்காரச் சிறுமியை வளர்க்கும் திருநங்கை நாகிசாவாக நடித்தார். சிறுமிக்கு பாலே நடனம்தான் உயிர். 2021 மார்ச்சில் ஜப்பான் அகாடமி விருதுகளில் சிறந்த படமும் அதுவே, சிறந்த நடிகரும் இவரே. அதே வருடம் என்எச்கே சரித்திரத் தொடரில் கடைசி ஷோகன் டோகுகவா யோஷினோபு வேடம்.

பணப் போர் (2015), பொய்ப் போர் (2017) என்ற பொருளில் இவர் நாயகனாக நடித்த இரண்டு தொடர்கள் உண்டு. மூன்றாவதான 'பொறிப் போர்' வந்தது 2023 ஜனவரியில். நடுவில் ஆறு வருடம் எந்தத் தனியார் சேனலிலும் இவர் நாயகனாக ஒரு தொடர்கூட வரவில்லை.

அந்த 2023 செப்டம்பரில், நிறுவனர் ஜானி கிட்டகாவா சிறுவர்களிடம் செய்த பாலியல் கொடுமைகளை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பெயரையும் மாற்றிக்கொண்டது. குசனாகிக்குப் படங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 2025ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான புல்லட் ரயில் படத்தில், வெடிகுண்டு வைத்த ரயிலின் கண்டக்டர் இவர்தான்.