ஃபோர்க்லிஃப்ட் விபத்து: 'என் தப்புதான்' என்றாலும் இழப்பீடு உண்டா?

கிடங்கு ஒன்றில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வருகிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்ற ஊழியரின் பாதம் சக்கரத்துக்கு அடியில் சிக்குகிறது. ஓடி வந்த மேற்பார்வையாளர் முதலில் சொல்வது: "நீதானே கோட்டைத் தாண்டி வந்தே? கம்பெனி என்ன செய்யும்? ரெண்டு நாள் ரூம்ல ரெஸ்ட் எடு."

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இதே மாதிரி பேச்சைக் கேட்டுவிட்டு, "ஆமா, என் தப்புதான்" என்று வாயை மூடிக்கொள்பவர்கள் உண்டு. சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உங்கள் அப்பாவோ மாமாவோ கிடங்கில் வேலை செய்யலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஊழியர் தங்குவிடுதியில் இருக்கலாம். அவர்களுக்கு ஆங்கிலப் படிவத்தைப் படித்துச் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் அடிப்படை விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபோர்க்லிஃப்ட் ஏன் இவ்வளவு ஆபத்தானது?

பார்க்கச் சின்ன வண்டி. ஆனால் 2.5 டன் தூக்கக்கூடிய ஃபோர்க்லிஃப்ட், சாதாரணக் காரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. முன்னால் தூக்கும் சுமையைச் சமன்செய்ய, வண்டியின் பின்புறத்தில் கனமான எதிர் எடை இருக்கும்.

இன்னொரு வித்தியாசம், இதில் திரும்புவது பின் சக்கரங்கள். ஓட்டுநர் வளைக்கும்போது வண்டியின் வால் பகுதி சட்டென்று வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவருக்கு விலக நேரம் கிடைக்காது. சுமை உயரமாக இருந்தால் ஓட்டுநருக்கு முன்பக்கமும் தெரியாது. சுமையை உயர்த்தியபடி வேகமாகத் திரும்பினால் வண்டியே கவிழலாம். கவிழும்போது வெளியே குதிப்பவர்மேல் வண்டி விழும் ஆபத்து அதிகம். அதனால்தான் இருக்கை வார் போட்டு, உள்ளேயே இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள்.

யார் தப்பு என்பது முக்கியமா?

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தைச் சுருக்கமாக 'விக்கா' என்பார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ளது.

இதன் அடிப்படை எளிது. வேலையினால், வேலையின்போது காயம் ஏற்பட்டதா? அது போதும். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஊழியரே தவறு செய்திருந்தாலும், பொதுவாக இழப்பீடு உண்டு. பாதுகாப்பு விதியை மீறியிருந்தாலும், நிறுவனத்தின் வேலைக்காக அதைச் செய்திருந்தால் உரிமை போய்விடாது.

விதிவிலக்குகள் உண்டு. குடிபோதையில் அல்லது போதைப்பொருள் உட்கொண்டு விபத்துக்குள்ளானால், வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டால், சண்டையில் அடிபட்டால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

யாருக்கெல்லாம் பொருந்தும்?

வேலை ஒப்பந்தத்தின்கீழ் உள்ள எல்லா ஊழியர்களுக்கும். சம்பளம், வயது, நாடு எதுவும் பார்ப்பதில்லை. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரும் சிங்கப்பூரரும் இதில் ஒன்றுதான். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், இல்லப் பணிப்பெண்கள், சீருடைப் படையினர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள்.

உடலுழைப்பு வேலை செய்யும் அனைவருக்கும் முதலாளி கட்டாயம் காப்புறுதி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றாலும், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியைவிட்டுப் போகாது.

என்னென்ன கிடைக்கும்?

மூன்று வகை.

ஒன்று, மருத்துவ விடுப்புச் சம்பளம். வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை இது செல்லும். டாக்டர் 'லைட் டியூட்டி' என்று எழுதிக் கொடுத்த நாள்களும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டு, மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த விபத்துக்கு 53,000 வெள்ளி வரை. அதற்கு முன் நடந்ததற்கு 45,000 வெள்ளி வரை. இதற்கும் ஓராண்டு வரம்பு உண்டு.

மூன்று, நிரந்தர உடற்குறை அல்லது மரணத்துக்கான மொத்தத் தொகை. 2025 நவம்பர் முதல் மரணத்துக்கு 91,000 முதல் 269,000 வெள்ளி. முழுமையான நிரந்தர உடற்குறைக்கு 116,000 முதல் 346,000 வெள்ளி. பகுதிக் குறை என்றால், டாக்டர் மதிப்பிடும் விழுக்காட்டுக்கு ஏற்பத் தொகை கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

35 வயது ஊழியர். அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி, ஓவர்டைம் மாதம் சராசரியாக 600 வெள்ளி. காலில் 10 விழுக்காடு நிரந்தரக் குறை. அவர் வயதுக்கு நிரந்தர உடற்குறைக்கான பெருக்கல் எண் 181.

1,500 x 181 x 10% = 27,150 வெள்ளி.

அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் வருவது 16,290 வெள்ளி. கிட்டத்தட்ட 11,000 வெள்ளி வித்தியாசம்! சட்டப்படி சராசரி மாத வருமானத்தில் ஓவர்டைமும் சேரும். அதனால் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். விபத்துக்கு முந்திய 12 மாதச் சீட்டுகள் கையில் இருக்கட்டும்.

விபத்து நடந்ததும் என்ன செய்வது?

முதலில் சிகிச்சை. மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ "வேலையில அடிபட்டது, ஃபோர்க்லிஃப்ட் மோதியது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "விடுதி மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லிடு" என்று யாராவது கேட்டுக்கொண்டால், சம்மதிக்காதீர்கள். டாக்டர் எழுதும் அந்த முதல் வரிதான் பின்னால் பெரிய சாட்சி.

முதலாளிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் தேதி, நேரத்தோடு பதிவு இருக்கும். விபத்து நடந்த இடத்தையும் காயத்தையும் படம் எடுத்து வைக்கலாம். பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

வேலையிட விபத்தால் ஒரு நாள் மருத்துவ விடுப்போ லைட் டியூட்டியோ கிடைத்தாலும், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் புகாரளிக்க வேண்டும். அவர் செய்யவில்லை என்றால் ஊழியரே அமைச்சை அணுகலாம். இழப்பீடு கோர, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம்.

வேலையைவிட்டு நிறுத்திவிட்டால்?

இழப்பீடு கோரும் உரிமை அப்போதும் இருக்கிறது. வேலை அனுமதி ரத்தானாலும்கூட இருக்கிறது. பலர் இது தெரியாமல்தான் பயந்து, வலியோடு விமானம் ஏறுகிறார்கள்.

வழக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் விக்கா அல்லது நீதிமன்ற வழக்கு, இரண்டில் ஒன்றுதான். வழக்கில் அதிகத் தொகை கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், வழக்கறிஞர் செலவும் ஆகும். விக்காவுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆலோசனை கேளுங்கள்.

வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. அந்த எண்ணை இப்போதே அப்பாவின், மாமாவின் கைப்பேசியில் சேமித்துக் கொடுங்கள். அடிபட்ட பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.