கப்பலுக்குக் காப்பு! கத்தரிக்கோலுக்கு?

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பம், கப்பல் காக்க எழுந்த விளக்கால் பெயர் பெற்ற ஊர். பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். அவர்தம் ஆம்ஸ்டர்டாம் நகரிலோ, கடல் காப்பீட்டு வழக்குகளைத் தீர்க்க 1598இலேயே தனி மன்றம் அமைந்துவிட்டது. சரக்குக்குக் காப்பு வந்தது; உழைக்கும் உடலுக்கு?

1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது, வெள்ளையருக்காக! இந்தியர் உயிருக்கோ நெடுங்காலம் கூடுதல் கட்டணம். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. ஆயினும், நிலையான சம்பளமற்றோர்க்கு அது எட்டாக்கனியே.

முடி திருத்தியும், மருந்து தந்தும், பேறுகாலம் பார்த்தும் ஊரார் உடல் பேணியவர் மருத்துவர் குலத்தார். அவர்களைச் சாதி தாழ்த்தியது. அழகு தந்த கைக்கு இழிவே கூலி! 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே முடி திருத்துவோர்க்கு நலவாரியம் பிறந்தது. விபத்துக்கும் மரணத்துக்கும் உதவி கிடைத்தது. பிச்சையாக அன்று, உரிமையாக.

இன்று அழகு நிலையங்களில் பெண்கள் பலர் உழைக்கின்றனர். பூசிய சாயம் ஒருவர் தோலைப் புண்ணாக்கினால் இழப்பீட்டை யார் தாங்குவது? மேல்நாட்டு அழகுக் கலைஞர் அதற்கும் காப்பீடு செய்துகொள்கிறார். நம் பெண்ணுக்கு மட்டும் அது வேண்டாமா? கடலில் செல்லும் கப்பலுக்கு விளக்கு வைத்த கரையிலே, கை உழைப்புக்கும் காவல் வேண்டும் என்கிறோம் நாம்.