டீசல் எஞ்சின்: கணக்கு தப்பு, மெஷின் சரி

லாரி, பஸ், ஜெனரேட்டர்னு தினமும் 'டீசல்'ங்கிற பேரைச் சொல்றோம். அது முதல்ல எண்ணெயோட பேரே இல்ல. ருடால்ஃப் டீசல்ங்கிற மெக்கானிக்கல் எஞ்சினியரோட பேரு.

1858-ல பாரிஸ்ல பிறந்தவர், பெற்றோர் ஜெர்மன்காரங்க. மியூனிக்ல படிக்கும்போது, பேராசிரியர் கார்ல் லிண்டே வகுப்புல கேட்ட ஒரு விஷயம் அவரைத் தூங்க விடல. எரிக்கிற நிலக்கரியோட சக்தியில சுமார் பத்துல ஒரு பங்கைத்தான் நீராவி எஞ்சின் வேலையா மாத்துது. மீதியெல்லாம் வீண். ஆனா, 1824-லயே சாடி கார்னோ ஒரு லட்சிய எஞ்சினைக் காகிதத்துல விவரிச்சிருந்தார். அதை இரும்புல செஞ்சா என்ன?

1892-ல டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். யோசனையில ரெண்டு பாதி. ஒண்ணு, காற்றை மட்டும் பலமா அழுத்தணும். அந்தச் சூட்டுலயே எரிபொருள் தானா பத்திக்கும். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. ரெண்டாவது, எரியும்போது வெப்பநிலை ஏறவே கூடாது. இதுக்கு அவர் போட்ட கணக்கு, வளிமண்டலத்தைவிட 250 மடங்கு அழுத்தம்!

முதல் பாதி அருமை. ரெண்டாவது பாதிதான் சிக்கல். அப்படி ஒரு எஞ்சின் செஞ்சா, கிடைக்கிற கொஞ்ச சக்தியையும் அதோட சொந்த உராய்வே தின்னுடும். இது 1893-ல டீசலுக்கே புரிஞ்சுது. அழுத்தத்தைக் குறைச்சார், வெப்பநிலை ஏறட்டும்னு விட்டார். அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு காப்புரிமைக்கும் விண்ணப்பிச்சார். ஆனா, "என் பழைய கணக்கு தப்பு"ன்னு ஊரறியச் சொல்லல.

சோதனை நடந்தது ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில, பின்னாடி அதுதான் 'மான்' கம்பெனி ஆச்சு. 1893 ஆகஸ்ட் 10: முதல் தடவை எரிபொருளைச் செலுத்தினதும், அழுத்தம் அளக்கிற கருவியே வெடிச்சுச் சிதறுச்சு. 1894 பிப்ரவரி 17: எஞ்சின் தன் சொந்த பலத்துல ஓடுச்சு, சுமார் ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் சரியா மூணு வருஷம். 1897 பிப்ரவரி 17-ல பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்தார். திறன் 26.2 சதவீதம்!

ஜெயிச்சாச்சு. ஆனா, காப்புரிமையில இருக்கிறது வேற, ஓடுற எஞ்சின் வேறன்னு விமர்சனம் அவரை விடாமத் துரத்துச்சு. 1913-ல லூடர்ஸ்ங்கிற பேராசிரியர் 'டீசல் கட்டுக்கதை'ன்னு ஒரு புத்தகமே போட்டார். அதே வருஷம் செப்டம்பர் 29 ராத்திரி, கடன்ல மூழ்கியிருந்த டீசல், இங்கிலாந்து போற கப்பல்லேர்ந்து காணாமப் போனார்.

நம்ம வேலையிலயும் இது நடக்குதே. டிசைன் டாக்குமென்ட்ல ஒண்ணு இருக்கும், ஓடுற கோடு வேறயா இருக்கும். கோடை மாத்தினது தப்பே இல்ல, அதுதான் ஆராய்ச்சி. டாக்குமென்ட்டையும் மாத்தி, "இங்க நான் தப்பு பண்ணேன்"னு ஒரு வரி எழுதறதுதான் கஷ்டம். டீசல் நாலு வருஷம் இரும்போட போராடி ஜெயிச்சார். அந்த ஒரு வரியை மட்டும் எழுதல.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!