தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு மாலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தோள் உரசாமல் நடக்க முடியாது. கப்பல் பட்டறையிலும் கட்டடச் சாரத்திலும் ஆறு நாள் உழைத்த தமிழர்களும் வங்கதேசத்தவரும், தீவின் ஓரங்களில் இருக்கும் விடுதிகளிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் வந்து இறங்குகிறார்கள். முதலில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அப்புறம் முடிவெட்டு, வாழையிலைச் சாப்பாடு, வாரத்துக்கு வேண்டிய காய்கறி. எல்லாம் முடிந்ததும் புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை.

இந்தத் தெருக்களுக்குக் கூட்டத்தை முதலில் கொண்டுவந்தவை மாடுகள்.

ரோச்சோர் கால்வாயின் தண்ணீரும் பக்கத்துப் புல்வெளியும் 19ஆம் நூற்றாண்டின் மாட்டு வணிகத்துக்குத் தோதாக இருந்தன. கொட்டில்கள் பெருகின. வட்டாரத்தின் மலாய்ப் பெயரே 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில். இன்றும் பெயர்ப்பலகையில் எருமைச் சாலை இருக்கிறது; மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வந்த இந்தியர்கள் இங்கேயே குடியமர்ந்தார்கள். 1855இல் பெருமாள் கோயிலும் 1881இல் வீரமாகாளியம்மன் கோயிலும் எழுந்தன. 1915இல் சந்தை வந்தது. சந்தைக்கும் வட்டாரத்துக்கும் வழங்கும் 'தேக்கா' என்பது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். சீனர் வைத்த பெயரைத் தமிழர் தம் நாக்குக்குச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

1842இல் இங்கே அமைந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. மிச்சமாய்க் கிடைத்தவை ரேஸ் கோர்ஸ் சாலையும் ஃபேரர் பார்க் திடலும். காசில்லாமல் உட்கார இடம் இருந்ததால்தான் தேக்கா வெறும் கடைத்தெருவாகிவிடவில்லை. வாங்கியதும் கிளம்ப வேண்டிய தெருவில் நட்பு வளராது.

தேக்காவின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடல் இருமுறை அடிபட்டது. 2013 டிசம்பர் 8 அன்று, ஒரு பேருந்து மோதி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் வார இறுதிகளில் அங்கே பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது. 2020இல் கொரோனா விடுதிக் கதவுகளையே அடைத்தது. 2021 செப்டம்பரில் முதல் முயற்சியாக, வாரத்துக்கு அதிகபட்சம் 500 பேர் வெளியே செல்ல அனுமதி கிடைத்தபோது, அவர்களைக் கூட்டிச்சென்ற இடங்களில் ஒன்று தேக்கா வட்டாரம்.