பத்துமலையைக் கண்ட வேட்டைக்காரர்

பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எடுத்த தம்புசாமிப் பிள்ளையின் பெயரைக் கோலாலம்பூர்த் தமிழர் யாவரும் அறிவர். அக்குகைகளை வெளியுலகுக்கு அறிவித்த அமெரிக்கரின் பெயரை அறிந்தவர் சிலரே. அவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே; ஆண்டு 1878. ஓராங் அஸ்லி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அக்குகைகளை அறிந்திருந்தனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் கண்ட பின்னரே ஓரிடம் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதுவது அக்கால வழக்கம்.

ஹார்னடே வந்தது குகையைக் காண அன்று. விலங்குகளின் தோலுக்கும் எலும்புக்கும் வந்தார். அருங்காட்சியகங்களுக்கு விலங்குடல்களைப் பதப்படுத்தி விற்கும் ஒரு நிலையத்தின் ஆளாக, இருபத்தொரு வயதில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டவர் அவர். தமிழகத்து ஆனைமலையில் யானை வேட்டையாடி, இலங்கையையும் கண்டு, சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் சிலாங்கூர் ரெசிடெண்டின் தலைமையிடம் கிள்ளான். 1880-இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறிற்று. கோலாலம்பூரைச் சுற்றி எங்கும் காடு. அக்காட்டின் செல்வம் குறையக்கூடும் என்ற எண்ணம் அந்த இளைஞருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவர் கண் திறந்தது 1886-இல், தம் சொந்த நாட்டிலேதான். அமெரிக்கச் சமவெளிகளில் முன்பு கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருதுகளில் சில உடல்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவர மொன்டானா மாநிலத்துக்குச் சென்றார். அங்கே மிஞ்சியிருந்தவை சிறு கூட்டங்களே. எஞ்சியவற்றையும் சுட்டுக் கொணர்ந்தவர், பின்னர் உட்கார்ந்து கணக்கெடுத்தார். 1889-இல் அவர் கணக்குப்படி உயிரோடிருந்தவை ஆயிரத்துச் சொச்சம். அந்தக் கணக்கே அவரை மாற்றிற்று. நியூயார்க் விலங்குத் தோட்டத்தின் தலைவராகி, 1905-இல் பைசன் காப்புக் கழகம் அமையத் துணைநின்றார்; 1907-இல் தம் தோட்டத்தில் வளர்ந்த பதினைந்து பைசன்களை ஓக்லஹோமா மாநிலக் காப்புநிலத்துக்கு அனுப்பினார். அவ்வினம் இன்றும் வாழ்கிறது.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டா. 1906-இல் அதே தோட்டத்தில் ஓட்டா பெங்கா என்னும் காங்கோ நாட்டு மனிதரைக் குரங்குக் கூண்டில் வைத்துக் காட்சிப்படுத்தியவரும் அவரே. விலங்குக்கு இரங்கிய நெஞ்சு மனிதனுக்கு இரங்காத கதை அது.

மலாயாவிலும் அவரை ஒத்த ஒருவர் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு அருகே நிற்கும் பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஏ. பி. ஹப்பேக், அவருடைய உடன்பிறந்தவர் தியடோர் ஹப்பேக். யானையையும் செலாடாங் எனும் காட்டெருதையும் வேட்டையாடியது பற்றி 1905-இல் நூலே எழுதிய தியடோர், பின்னாளில் துப்பாக்கியை வைத்துவிட்டு விலங்குகளுக்காக வழக்காடலானார். 1925-இல் குனோங் தாஹான் பகுதியில் 1,300 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுடவேண்டும் என்ற கட்சி ஒருபுறமும், காக்கவேண்டும் என்ற கட்சி ஒருபுறமுமாக நாடு பிரிந்திருந்த வேளையில், 1930 முதல் 1932 வரை வனவிலங்கு விசாரணைக் குழுவை அவர் நடத்தினார். இன்று தாமான் நெகாரா என வழங்கும் பெருங்காட்டுக்கு அடிகோலிய முயற்சி அதுவே.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அந்த விசாரணை முடிந்த 1932-ஆம் ஆண்டிலேதான் பேராக் மாநிலத்தில் ஒரு ஜாவாக் காண்டாமிருகம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மலாயாவில் அவ்வினத்தின் கடைசி விலங்கு அதுவே. ஆனால் துப்பாக்கி ஒன்றையே குற்றஞ்சாட்டுவது பிழை. 1930-களின் முடிவில் மலாயாவில் ரப்பர் நிலம் முப்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. அந்நிலத்தில் பால்மரம் வெட்டிய தமிழன் மீது அப்பழி சாராது. நிலத்தை ஒதுக்கியது அரசாங்கம். இலாபம் கண்டது கம்பெனி.

எஞ்சியது சுமத்ராக் காண்டாமிருகம்: இரு கொம்பும், மேனியில் மயிரும் உடையது. மனித நகத்தில் உள்ள பொருளால் ஆனதே அதன் கொம்பு. அதனை மருந்தென்று நம்பி விலை கொடுப்பவர் இருந்தமையால் வேட்டை ஓயவில்லை. அதனைக் காக்க 1964-இல் சிலாங்கூரின் வடபகுதியில் சுங்கை டூசுன் காப்பகம் அமைந்தது. ஆயினும் விலங்குகள் அப்போதே மிகச் சிலவாகிவிட்டன. இங்கேதான் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. ஓரினம் மிகவும் அருகிப் பரந்த காட்டில் சிதறிவிட்டால், ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சந்திப்பதே அரிதாகிறது. நெடுங்காலம் இணைசேராத பெண் காண்டாமிருகத்தின் கருப்பையில் கட்டிகள் தோன்றி, அது மலடாகிறது. வேட்டையை முற்றும் நிறுத்தினாலும் அவ்வினம் தானாகப் பெருகாது. 1889-இல் எஞ்சிய ஆயிரம் பைசன்களுக்கு இருந்த வாய்ப்பு அதற்கு இல்லாமற் போனது இதனாலேயே.

1980-களில் காண்டாமிருகங்களைப் பிடித்து வளர்க்கும் முயற்சி தொடங்கிற்று. 2003-இல் சுங்கை டூசுனில் இருந்த ஐந்தும் சில வாரங்களுக்குள் நோயுற்று மடிந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் மட்டும் 2001-இல் ஒரு கன்று பிறந்தது. 1914-இல் உலகின் கடைசிப் பயணப் புறா இறந்ததும் அதே தோட்டத்தில்தான். மலேசியாவின் கடைசி ஆணான தாம் 2019 மே மாதத்திலும், கடைசிப் பெண்ணான ஈமான் அதே ஆண்டு நவம்பரிலும் சபாவில் இறந்தன. அத்துடன் இந்நாட்டில் அவ்வினம் அற்றது.

சட்டங்கள் இல்லாமலில்லை: 1955, 1972, 2010 எனத் திருத்தமுற்று வந்துள்ளன. 2022-இல் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. 1950-களில் மூவாயிரம் என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் நூற்றைம்பதுக்கும் குறைவு. தைப்பூச மயிற்காவடியைக் காண்போர்க்கு இன்னொரு செய்தி: மலாயாக் காடுகளில் முன்பு வாழ்ந்த பச்சை மயிலும் 1960-களுக்குப் பின் இத்தீபகற்பக் காட்டில் இல்லை.

சுங்கை டூசுன் மையத்தில் இப்போது தாப்பிர்கள் வளர்க்கப்படுகின்றன. முன்பாதி கறுப்பும் நடுவுடல் வெள்ளையுமான அவ்விலங்கு காண்டாமிருகத்துக்கு உறவு. மலாய் மக்கள் அதனைப் 'பாடாக் தம்புங்' என்றும் வழங்குவர். பாடாக் என்றாலே காண்டாமிருகம். இரவில் நெடுஞ்சாலையைக் கடக்கையில் வாகனம் மோதிக் காயமுற்றவை அங்கே கொண்டுவரப்பட்டு மருத்துவம் பெறுகின்றன.