வட்டுப் பதுக்ககம் (லினக்ஸ்)

வட்டுப் பதுக்ககம் அல்லது டிஸ்க் கேச் என்பது வேகம் குறைந்த வன்தட்டில் உள்ள தரவுகளுள் அடிக்கடி பயன்படுபவற்றை எஸ்.எஸ்.டி. எனப்படும் வேகமான திண்மநிலை வட்டில் வைத்துக்கொள்ளும் அமைப்பு ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் பிளாஷ்கேச், டிஎம்-கேச், பிகேச் ஆகிய மென்பொருள்கள் இதற்கென எழுதப்பட்டன. எளிமைக்கும் நம்பகத்தன்மைக்கும் இடையே எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே இவற்றின் வடிவமைப்பில் முதன்மையான சிக்கலாகும்.

எழுதும் முறைகள்

உடன் எழுதும் முறையில் தரவு வன்தட்டை அடைந்த பின்னரே எழுதும் பணி நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். பதுக்ககத்தில் இருப்பது படி மட்டுமே என்பதால் திண்மநிலை வட்டு பழுதடைந்தாலும் தரவு இழப்பு இல்லை. பின் எழுதும் முறையில் தரவு பதுக்ககத்தை அடைந்தவுடனேயே பணி முடிந்துவிடும். வன்தட்டுக்கு அது பிறகே செல்லும். இதனால் வேகம் கூடுகிறது. எனினும் வன்தட்டை இன்னும் அடையாத நிலுவைத் தொகுதிகள் எவை என்னும் குறிப்பு தொலைந்தால், பழைய தரவும் புதிய தரவும் கலந்து கோப்பு முறைமையே சிதையக்கூடும்.

மின்தடையின் தாக்கம்

2012 ஆம் ஆண்டில் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் முன்னறிவிப்புடன் மின்வெட்டு இருந்தது. இத்தகைய மின்வெட்டின்போது கணினியை முறைப்படி நிறுத்திவிடலாம். நிலுவைக் குறிப்புகளும் முழுமையாக எழுதப்பட்டுவிடும். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளத்தின்போது நேர்ந்ததைப் போன்ற மின்தடையில் இந்த வாய்ப்பு உறுதியன்று. பதுக்ககத்தின் நம்பகத்தன்மை இத்தகைய திடீர் நிறுத்தத்திலேயே சோதிக்கப்படுகிறது.

மூன்று தீர்வுகள்

பேஸ்புக் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட பிளாஷ்கேச், நிலுவைத் தொகுதிகளின் குறிப்பை மட்டும் உடனுக்குடன் வட்டில் எழுதியது. திடீர் நிறுத்தத்திற்குப் பின் நிலுவைத் தொகுதிகள் மீளும், மற்றவை மறக்கப்படும். இம்மென்பொருள் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்படவில்லை.

கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் உருவாக்கிய பிகேச், 2013 இல் 3.10 ஆம் பதிப்புக் கருனியில் இணைந்தது. இது மர வடிவ அட்டவணையையும், அதன் மாற்றங்களை வரிசையாகப் பதியும் குறிப்பேட்டையும் வைத்திருக்கிறது. நம்பகமானது எனினும் இதன் உள்ளமைப்பு சிக்கலானது.

அதே ஆண்டில் 3.9 ஆம் பதிப்பில் இணைந்த டிஎம்-கேச், நிலுவைக் குறிப்பை ஒவ்வொரு முறையும் எழுதுவதில்லை. கணினி திடீரென நின்றிருந்தால், பதுக்ககத்தில் உள்ள அனைத்துமே நிலுவை என்று அது கொள்கிறது. ஐயம் ஏற்படின் மோசமான நிலையையே கருதுவதால் நிரலும் எளிமையாகிறது, தரவும் பிழைக்கிறது. இதன் விலை நேரம் ஆகும். 100 கிகாபைட் பதுக்ககத்தை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வன்தட்டில் மீண்டும் எழுத ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். சிதறிய தொகுதிகளுக்கு இன்னும் கூடுதலாகும்.

பயன்பாடு

இழக்க முடியாத தரவுகளுக்கு உடன் எழுதும் முறையே பாதுகாப்பானது. பின் எழுதும் முறை தேவைப்படின், பதுக்ககத்திற்கு ஒன்றையொன்று படியெடுக்கும் இரு திண்மநிலை வட்டுகளைப் பயன்படுத்துவது நல்லது. ஒரே வட்டு பழுதடைந்தால், மேற்கண்ட குறிப்புகளுள் எதுவும் நிலுவைத் தரவை மீட்டுத் தராது.