பொம்மைக்கு மன்னிப்பு!

மார்ச் 19, இரவு நேரம். ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் வலென்சியா நகரத்தில், ஒரு நாற்சந்தியில் நீங்கள் நிற்கிறீர்கள். எதிரே நாலு மாடி உயரத்துக்கு ஒரு பொம்மைக் கோபுரம். தொப்பை தள்ளிய அரசியல்வாதி, மூக்கு நீண்ட பணக்காரர், பல்லிளிக்கும் பிரபலங்கள்... ஒரு வட்டாரமே காசு சேர்த்து, கலைஞர்கள் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. ‘அடடா, என்ன அழகு!’ என்று நீங்கள் வாயைப் பிளக்கும்போதே, அதற்குத் தீ வைத்துவிடுகிறார்கள்!

பதறாதீர்கள். பக்கத்திலேயே தீயணைப்பு வீரர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் தண்ணீர் அடிப்பது பொம்மையைக் காப்பாற்ற அல்ல... சுற்றியுள்ள வீடுகளைக் காப்பாற்ற!

இதுதான் ‘ஃபாயாஸ்’ என்கிற வசந்தகாலத் திருவிழா. மார்ச் முதல் தேதியிலிருந்தே தினமும் பகல் இரண்டு மணிக்கு, மாநகராட்சி சதுக்கத்தில் வெடி வெடிப்பார்கள். வாணவேடிக்கை இல்லை, வெறும் சத்தம்! காதுக்காக மட்டுமல்ல, நெஞ்சுக்கூடு அதிர்வதற்காகவே கூட்டம் கூடுகிறது. 15-ம் தேதி இரவுக்குள் ஊர் முழுக்கப் பொம்மைகள் எழும்பிவிடும். கிட்டத்தட்ட 400 வட்டாரக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் பெரியது ஒன்று, குழந்தைகளுக்காகச் சின்னது ஒன்று. நான்கே நாட்கள்தான்... 19-ம் தேதி இரவு எல்லாம் சாம்பல்!

சரி, எதற்காக இந்தக் கூத்து?

அந்தக் காலத்தில் வலென்சியாவின் தச்சர்கள் குளிர்கால இரவுகளில் வேலை பார்க்க, விளக்குகளை மாட்டிவைக்க ஒரு மரக்கம்பத்தை வைத்திருந்தார்களாம். வசந்தம் வந்து பகல் நீண்டதும், ‘இனி நீ எதுக்கு?’ என்று அந்தக் கம்பத்தையும் மரச் சிராய்களையும் தெருவில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். தச்சர்களின் காவல் புனிதரான சூசையப்பரின் திருநாள் மார்ச் 19 என்பதால், அதற்கு முந்தைய இரவில் எரித்தார்களாம். பிறகு யாரோ ஒரு குறும்பர் அந்தக் கம்பத்துக்குக் கிழிந்த சட்டையையும் தொப்பியையும் மாட்டிவிட... அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆசாமியின் ஜாடையில் இருந்து தொலைத்தது! இது ஊரார் சொல்லும் கதை. ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால், 18-ம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் இருந்ததற்கு ஆவணங்கள் உண்டு.

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. வெறும் குப்பையை எரித்தால் யாருக்கு என்ன கவலை? கிண்டலை எரித்தால்..? அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் தீயைவிட அந்தச் சிரிப்புதான் அதிகம் சுட்டது. உள்நாட்டுப் போரின்போது, 1937 முதல் 1939 வரை விழாவே நடக்கவில்லை. பிறகு வந்தார் சர்வாதிகாரி ஃபிராங்கோ. அவர் விழாவைத் தடை செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக, ‘பொம்மை செய்வதற்கு முன்னால் படத்தை வரைந்து எங்களிடம் காட்டி அனுமதி வாங்கு’ என்றது அவருடைய அரசு! ஆட்சியைத் தொடக் கூடாது, தேவாலயத்தைத் தொடக் கூடாது. தீ இருந்தது... காரம் போய்விட்டது. 1975-ல் ஃபிராங்கோ இறந்த பிறகுதான் பொம்மைகளுக்கு மறுபடி வாய் முளைத்தது.

இவ்வளவு பொம்மைகளில் ஒன்றுகூடவா தப்பிக்காது? தப்பிக்கும்! ரெஹீனோ மாஸ் என்கிற கலைஞரின் யோசனைப்படி, 1934-ல் ஒரு வழக்கம் ஆரம்பித்தது. பொதுமக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொம்மைக்கு ‘பொதுமன்னிப்பு’ வழங்கலாம். முதன்முதலில் மன்னிப்பு பெற்றது யார் தெரியுமா? மன்னரோ, வீரரோ இல்லை. ஒரு பாட்டியும் பேத்தியும்! வருடாவருடம் தப்பித்த பொம்மைகள் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. கவனித்தீர்களா? மக்கள் தீயில் போடுவது பெரும்பாலும் பெரிய மனிதர்களை. காப்பாற்றுவது தங்களைப் போன்றவர்களை!

2020 மார்ச்சில், விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கொரோனா வந்தது. மாநகராட்சி சதுக்கத்தில், கண்மூடித் தியானம் செய்யும் ஒரு பெண்ணின் பிரமாண்ட உருவம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்கெனவே வைத்திருந்த பெயர்... ‘இதுவும் கடந்து போகும்’! விழா தள்ளிவைக்கப்பட, அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு முகக்கவசத்தை மாட்டினார்கள். உடல் பகுதியை மட்டும், பார்க்க ஆளில்லாத சதுக்கத்தில் எரித்தார்கள். தலையைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். 2021 செப்டம்பரில் விழா நடந்தபோது அந்தப் பெண் மறுபடி வந்தாள்... எரிந்தாள்!

2024 அக்டோபர் 29. வலென்சியா பகுதியில் பேய்வெள்ளம். 220-க்கும் அதிகமானோர் பலி. மக்களின் செல்போனுக்கு அரசின் எச்சரிக்கை வந்து சேர்ந்தது இரவு எட்டு மணிக்கு மேல்... அதற்குள் பல ஊர்கள் தண்ணீருக்குள்! சேற்றில் மூழ்கியவற்றில் பொம்மைக் கலைஞர்களின் பட்டறைகளும் உண்டு. ‘இந்தத் துக்கத்தில் திருவிழாவா?’ என்றுதானே தோன்றும்? 2025 மார்ச்சில் விழா நடந்தது. எச்சரிக்கையைத் தாமதித்த ஆட்சியாளர்கள், தெருமுனைகளில் பொம்மைகளாக நின்றார்கள். நீதிமன்ற விசாரணை முடியக் காத்திருக்காமல், தெரு தன்னுடைய தீர்ப்பை எழுதிவிட்டது.

மறுபடி அந்த நாற்சந்திக்கு வாருங்கள். தீ உச்சிக்கு ஏறிவிட்டது. பட்டாடை உடுத்திய வட்டாரத்துப் பெண்கள் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். ஒரு வருட உழைப்பு ஆயிற்றே! ஆனால், ஒருவர்கூட அணைக்கச் சொல்லவில்லை. விடிந்தால் தெருவைக் கழுவிவிட்டிருப்பார்கள். அடுத்த வருடப் பொம்மைக்கு யோசனை ஆரம்பமாகிவிடும்.

அதில் யார் முகம் இருக்கும் என்பது, இந்த ஒரு வருடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது!